திரும்பி வந்தால் எடுப்பீர்களா

ஜூன் 3, செவ்வாய்

மேல்காற்று. துறைமுக யார்டு முழுக்க மண், போதாததற்கு நிலக்கரித் தூசி. காலையில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலம் சாம்பல். இனி வெள்ளை வாங்கக் கூடாது.

இறால் கண்டெய்னர் பதினொன்று. பத்து ஒழுங்காக மைனஸ் பதினெட்டில். ஒன்று மட்டும் மைனஸ் ஒன்பதில் நின்று அலறல். கேஸ் லீக். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, பற்றவைத்து, மதியம் இரண்டுக்குச் சரி. இடது கையில் சூடு, சின்னது.

நியூசிலாந்து மெயில் வந்துவிட்டது. நேப்பியர் என்று ஒரு துறைமுக ஊர். அங்கேயும் இதே குளிர்சாதனக் கண்டெய்னர், இதே ரிப்பேர். நேர்காணலில் திருப்தியாம். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி: இப்போதைய முதலாளியிடம் போனில் பேச வேண்டும். பெயர், நம்பர் அனுப்பவும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அண்ணாச்சியிடம் இதுவரை மூச்சு விடவில்லை. அவர் ஷெட்டில் பதினான்கு வருடம். இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போனபோதுகூடப் பல்வலி என்று சொல்லித்தான் லீவு. மதினி, அண்ணாச்சியின் வீட்டம்மா, கிராம்புத் தைலம் கொடுத்துவிட்டார்கள். மூடி திறக்காமல் அலமாரியில் இருக்கிறது.

இரவு தோசை மாவு புளித்துவிட்டது. ஒருவனுக்கு எவ்வளவு வாங்குவது என்று இன்னும் கைக்கு வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

சொல்லிவிட்டேன்.

ஷெட்டில் மற்றவர்கள் டீக்குப் போன நேரம். அண்ணாச்சி பழைய ஃபேன் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எங்க?"

"நியூசிலாந்து, அண்ணாச்சி."

"தூரமோ?"

"சிங்கப்பூர் போய், அதுக்கு மேல பத்து மணி நேரம்."

"அங்கன கப்பல் வருதா?"

"வருது."

"அப்பப் போ."

அவ்வளவுதான். இரண்டு நிமிடம். நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த எதற்கும் வேலை இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன், நன்றி கெட்டவனே என்று. அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஒரு தடவை "இருலே" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இருந்திருப்பேனா, தெரியாது.

நம்பரை அனுப்பிவிட்டேன்.

ஜூன் 7, சனி

காற்று அப்படியே.

அண்ணாச்சி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கேட் வாட்ச்மேன் வரை வாழ்த்து. அதற்குள் எனக்குப் பதில் ஆளும் வந்தாயிற்று. பாண்டி, எட்டயபுரத்துக்காரர், சென்னை யார்டில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். நல்ல கை. குறை சொல்ல முடியவில்லை என்பதுதான் குறை.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏலே டேவிட்டு, டூல்ஸ் பெட்டி சாவியக் குடு."

கொடுத்தேன். பாண்டிக்குத்தான் என்று நினைத்தேன். பாண்டியிடம், "நீரு ஒம்ம டூல்ஸக் கொண்டு வாரும்" என்றுவிட்டார். சாவி அவர் மேஜை இழுப்பறைக்குள் போனது. வேலை இருந்தால் அவரிடம் கேட்டு வாங்கி, முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெட்டி மேலே என் பெயர் நான் பெயின்டில் எழுதியது. ஸ்பானர் எதையாவது கொண்டுபோய்விடுவேன் என்று பயமோ. நான் போக இன்னும் நாள்கூடக் குறிக்கவில்லை.

நேப்பியர் இன்று ஒன்பது டிகிரி. இத்தனை வருடம் மைனஸ் பதினெட்டைக் காவல் காத்தவனிடம் ஒரு ஸ்வெட்டர் கிடையாது.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். கடைசி வரிசை. பாட்டு நன்றாக இருந்தது.

ஜெயா போன், சாத்தான்குளத்திலிருந்து. தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் பள்ளிக்கூட டீச்சர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று.

"போண்ணே, யோசிக்காத. இங்கன ஒனக்கு யாரு இருக்கா?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். போனை வைத்த பிறகும் அது காதிலேயே நின்றது. அம்மா போய் இரண்டு வருடம். எனக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, பிறகு யாரும் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வீட்டுச் சாமான்:
கிரைண்டர் – ஜெயாவுக்கு
பைக் – பாண்டி கேட்கிறார்
மிக்சி – ஓடாது
அம்மா கட்டில் – யாருக்கும் வேண்டாம்
மீன் தொட்டி – மீன் கிடையாது, தொட்டி மட்டும்

விசா படிவத்தில் ஒரு கட்டம்: அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது. ஜெயா பெயரை எழுதினேன். அவள் மாப்பிள்ளை போனை எடுத்தால் என்ன சொல்வாரோ என்று அடித்துவிட்டு அண்ணாச்சி பெயர். சாவி ஞாபகம் வந்து அதையும் அடித்தேன். கட்டம் காலி.

இன்று ஜெயாவைத் தவிரப் பேசியது பரோட்டாக் கடையில் மட்டும். "சால்னா தனியா."

ஜூன் 11, புதன்

போன் வந்துவிட்டது. காலை எட்டரை, அவர்களுக்கு மதியம் மூன்று. நான் இரண்டாவது அடுக்குக் கண்டெய்னரில் ஏணி மேல். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யார்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"பேசிட்டேம்ல! பொம்பளப் புள்ள. பத்து நிமிசம், முழுசும் இங்கிலீஷு."

"என்ன கேட்டாங்க அண்ணாச்சி?"

"என்னென்னமோ கேட்டா. குடிப்பானா, நேரத்துக்கு வருவானா, கோவக்காரனா. ஒன்னயத் தூக்கி எங்கனயோ வச்சிருக்கேன். இனி அவளே நெனச்சாலும் ஒன்னய விட முடியாது."

மதியம் மதினி கொடுத்துவிட்ட கேசரி. எல்லோருக்கும் ஒரு கரண்டி, எனக்கு இரண்டு.

சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

காலை 6.10. மெயில். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. கவனமாகப் பரிசீலித்தோம். மேற்கொண்டு தொடர்வதாக இல்லை. எதிர்காலம் சிறக்க வாழ்த்து.

நான்கு தடவை படித்தேன். பிறகு குளித்து வேலைக்குப் போனேன். கண்டெய்னர் ஏழு. எல்லாம் சரி.

அண்ணாச்சியின் அறையில் புது சூட்கேஸ் ஒன்று. சிவப்பு. பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காமலே தெரிகிறது.

ஜூன் 14, சனி

சென்னை ஏஜென்சிப் பெண்ணிடம் பேசினேன். இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள். காரணம் சொல்லக் கூடாது சார், சொல்லக் கூடாது சார் என்று இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"எல்லாம் நல்லாத்தான் சொல்லியிருக்கார் சார். கடைசியா ஒரு கேள்வி கேப்பாங்க, இவர் திரும்பி வந்தா மறுபடி வேலைக்கு எடுப்பீங்களான்னு. அதுக்கு உங்க ஓனர் மாட்டேன்னுட்டாராம். ரெண்டு தடவை கேட்டிருக்காங்க. ரெண்டு தடவையும் நெவர்னு சொன்னாராம். அந்தக் கேள்விதான் சார் அங்க முக்கியம்."

நெவர்.

பதினான்கு வருடம். புயல் வந்த அன்று கரண்ட் இல்லாமல், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டு விடிய விடிய நின்றேன். அம்மாவைப் புதைத்த மூன்றாம் நாள் யார்டில் இருந்தேன். பல்வலி என்று பொய் சொன்னதைக் கண்டுபிடித்திருப்பாரோ? சொல்லாமல் வேலை தேடியதற்குக் கோபமோ? கோபம் என்றால் என்னைத் திட்டியிருக்கலாமே. சாவியை வாங்கியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வேலை கிடைக்காததுகூடப் பரவாயில்லை. வேறு ஊர், வேறு மெயில். இந்த மனுஷர் என்னை வேண்டாம் என்று நினைக்கிறார் என்பதுதான் தாங்கவில்லை. இதைச் சொல்லி அழ இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. ஜெயா கூப்பிட்டாள், போனை எடுக்கவில்லை. சோறு வைக்கவில்லை.

மீன் தொட்டியைக் கழுவினேன். எதற்கு என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

காற்று இல்லை. அதனால் புழுக்கம்.

காலையிலேயே அண்ணாச்சி, "டிக்கெட்டு எப்பலே?" என்றார். யார்டுக்குப் போனேன். பத்து மணிக்கு மறுபடி, "என்னலே, கேக்கேன்ல?" சூட்கேஸைக் காலால் என் பக்கம் தள்ளினார். "சக்கரம் நாலும் நல்லா சுத்துது பாரு."

அதுவரை பொறுத்தேன். "எதுக்கு அண்ணாச்சி இது? நான் எங்கயும் போகல. நீங்கதான் நெவர்னு சொல்லிட்டீங்களே."

"என்னது?"

"திரும்பி வந்தா எடுப்பீங்களான்னு கேட்டதுக்கு."

"ஆமா, கேட்டா. எடுக்கவே மாட்டேன்னேன். நல்லா அழுத்திச் சொன்னேன்." முகத்தில் பெருமை அப்படியே இருந்தது. "ஏலே, எடுப்பேன்னு சொன்னா என்ன நெனப்பா? இவனுக்கு அங்கன எடம் தயாரா இருக்கு, குளிரு தாங்கலன்னு ரெண்டே மாசத்துல ஓடிருவான்னு நெனக்க மாட்டாளா? பொண்ணக் கட்டிக் குடுக்கையில, திருப்பி அனுப்புனா நாங்க வச்சுக்கிடுதோம்னு எவனாவது சொல்லுவானாலே?"

சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்தேன்.

அந்த ஊர் வழக்கத்தை மெல்லச் சொன்னேன். எடுப்பேன் என்றால் ஆள் நல்லவன். மாட்டேன் என்றால் ஏதோ வில்லங்கம். அதனால்தான் வேலை போய்விட்டது.

அண்ணாச்சி மேஜை மேல் இருந்த நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். பிறகு, "என் வாயாலயா?" என்றார்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. என் வாயாலயா போச்சு?"

"ஆமா அண்ணாச்சி."

மதியம் அவர் சாப்பிடவில்லை. டிபன் கேரியர் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. மதினி எனக்குப் போன் போட்டு, "என்ன ஆச்சுப்பா அவுகளுக்கு?" என்றார்கள்.

சாயங்காலம் ஷெட்டிலேயே உட்கார்ந்து அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். நடந்ததை அப்படியே. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற கதையையும் சேர்த்து. அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னொரு தடவ பேசச் சொல்லுலே" என்று மூன்று தடவை சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

பதில். நாளை மறுநாள், நம் நேரம் காலை எட்டரை. அண்ணாச்சியிடம் பேசுவதாக மட்டும் அந்தக் கம்பெனிப் பெண் சொல்லியிருக்கிறாள். வேறு உறுதி எதுவும் இல்லை.

அண்ணாச்சி பழைய பில் ஒன்றின் பின்பக்கம் என்னை எழுதச் சொன்னார், சொல்ல வேண்டிய இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்தில். நாள் முழுக்க முணுமுணுப்பு. பாண்டி என்னிடம் ரகசியமாக, "அண்ணாச்சி மந்திரம் ஏதும் சொல்லுதாவளோ?" என்றார்.

ஜூன் 19, வியாழன்

8.20. அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டிருந்தார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள். நான் வெளியே போகிறேன் என்றேன். "இருலே" என்றார்.

8.31. ஸ்பீக்கர். முதலில் பேப்பரைப் பார்த்து வாசித்தார். "யெஸ் மேடம். ஐ வில் எம்ப்ளாய் ஹிம் அகெய்ன்." அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு, முன்பு ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அது பேப்பரில் இல்லை. என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் பேப்பரை மேஜையில் கவிழ்த்தார்.

"மேடம். ஹியர் ஹி ஹேஸ் நோபடி. ஒன்லி கண்டெய்னர். சோ ஐ டெல், கோ, ஸ்டே தேர், சம்படி வில் கம் ஃபார் ஹிம். தட்ஸ் ஒய் ஐ டோல்ட் நோ. பட் ஹி கம், ஐ டேக். எனி டைம். ஐ டெட், மை வைஃப் டேக். ஹிஸ் டூல் பாக்ஸ், ஐ லாக். நாட் கிவிங் எனிபடி."

புரிகிறது, மிக்க நன்றி என்றாள் அந்தப் பெண்.

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். நான் யார்டுக்கு. அலாரம் எதுவும் இல்லை, இருந்தும் வரிசையின் கடைசி வரை நடந்தேன். அங்கே போய் அழுதேன்.

இரவு விசா படிவம். காலியாக இருந்த கட்டத்தை நிரப்பினேன். பெயர், நம்பர். உறவு என்ன என்று கேட்டிருந்தது. முதலாளி என்று எழுதினேன். வேறு என்ன எழுத.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி மேல்காற்று. கண்ணில் மண்.

காலை 6.40. ஆஃபர் லெட்டர். மூன்று பக்கம். என் பெயர் சரியாக இருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம்.

ஒன்பது மணிக்கு அண்ணாச்சியிடம் போனைக் காட்டினேன். கண்ணாடி போட்டு மூன்று பக்கமும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வாசித்தாரா, தெரியாது. சூட்கேஸ் வாங்கி, பதில் ஆள் வைத்து, ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பவர் மாதிரிக் கேட்டார்.

"அப்ப நெசமாவே போறியாலே?"

"ஆமா அண்ணாச்சி."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "மூணாவது வரிசையில ஒண்ணு மைனஸ் பத்துல நிக்குது. பாண்டி கேட்டுக்குப் போயிருக்காரு. நீ போய்ப் பாரு."

இழுப்பறையைத் திறந்து சாவியைக் கொடுத்தார். போய்ப் பார்த்தேன். ஃபேன் மோட்டார். மாற்றினேன். 11.50க்கு மைனஸ் பதினாறு, ஒரு மணிக்குப் பதினெட்டு. பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்து சாவியை நீட்டினேன்.

வாங்கவில்லை.

"போற அன்னைக்குக் குடு."