கலங்கரை விளக்கருகே விழும் விமானங்கள்

நவ. 13, வியாழன்

காலையிலிருந்து தூறல். மகாபலிபுரம் கலங்கரை விளக்கைத் தாண்டும்போது மட்டும், கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஏன் நின்றுபோகிறது? தெரியவில்லை. என் கணினியில் ஒருமுறைகூட நடந்ததில்லை. போன ஞாயிறு ஆன்லைனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பறந்தோம். அதே இடத்தில் மூன்று பேர் சிமுலேட்டர் நின்று விழுந்தார்கள்.

சிமுலேட்டரில் அந்தக் கடற்கரையைக் காட்டும் காட்சித் தொகுப்பு நான் செய்தது. இரண்டு வருடம். பாறை, விளக்கு, சவுக்குத் தோப்பு எல்லாம் நேரில் போய்ப் படமெடுத்து. குழுவை நடத்தும் கோவைக்காரர் இன்று எழுதியிருக்கிறார்: "வர்ற ஞாயிறும் யாராவது விழுந்தா உங்க தொகுப்ப குழு லிஸ்ட்லேர்ந்து எடுத்துடலாம் மேடம். தப்பா நினைக்காதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். பதில்: "சரி."

விடைத்தாள் 40 பாக்கி. காஸ் பதிய வேண்டும்.

நவ. 14, வெள்ளி

மழை இல்லை. தேவராஜுக்குப் போன். விழுந்த மூவரில் ஒருவர். சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு, கம்பெனி பஸ் ஓட்டுகிறார். குழுவில் நான் நேரில் பார்த்திருக்கும் ஒரே ஆள்.

"நாளைக்கு லீவு மேடம். வூட்டுக்கு வாங்க, நீங்களே பாருங்க."

நவ. 15, சனி

மின்ரயில். பரனூருக்கு அடுத்த நிறுத்தம்.

அவர் கணினியில் கூடுதல் தொகுப்புகள் 38. சிலவற்றை வெளியே எடுத்துப் பறந்தோம், பிறகு வேறு சில. இரண்டரை மணி நேரம். கடைசியில் மிஞ்சியவை இரண்டு: என்னுடையது, கடலில் மீன்பிடிப் படகுகளைக் காட்டும் ஒன்று. தனித்தனியே ஒழுங்கு. சேர்ந்தால் விழுகிறது. என்னிடமும் இரண்டும் உண்டே.

அவர் மனைவி ஸ்டெல்லா டீயோடு வந்தார். "வாரம் முச்சூடும் பஸ்ஸு, லீவுல பிளேனு. இந்த வூட்ல காலால நடக்கிற ஆளே இல்ல."

அப்போதுதான் பட்டியலைச் சரியாகப் பார்த்தேன். என் தொகுப்பின் பெயர் ஆங்கில எம்-இல் தொடங்கும். இங்கே அதற்கு முன்னால் ஓர் ஏ ஒட்டியிருந்தது. பட்டியலில் முதலிடம்.

"இது யார் போட்டது?"

"நான்தான் மேடம். நீங்க பண்ணது எங்கியோ நடுவுல குந்திகினு கீது. மரியாதையா இருக்குமா? அதான் மேல தூக்கி வெச்சேன்."

"வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"ரெண்டே ரெண்டு பேருக்கு."

மூன்று. சரியாகப் போயிற்று.

சிமுலேட்டர் பெயர் வரிசைப்படிதான் ஏற்றும். என்னுடையது படகுத் தொகுப்புக்குப் பின்னால் வர வேண்டும்; ஏ ஒட்டியதால் முன்னால் போயிருக்கிறது. ஏ-வை நீக்கி நான்கு முறை பறந்தோம். விழவில்லை. மற்ற இருவருக்கும் செய்தி அனுப்பினேன். நிம்மதி. ஆனால் பெயரை மாற்றக் கூடாது என்று நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, அது என் தவறு. தவிர, நான்கு முறை என்பது நிரூபணம் இல்லை.

விடைத்தாளைத் தொடவில்லை.

நவ. 16, ஞாயிறு

நல்ல வெயில். மீனம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி, பன்னிரண்டு பேர். நான் கடைசி. விளக்கு நெருங்கியது. ஒவ்வொருவராகத் தாண்டியதாக மைக்கில் சொன்னார்கள். தேவராஜ் மட்டும் பேசவில்லை. அவர் விமானம் வரிசையில் இல்லை. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகு வலப்பக்கம் தெரிந்தது, விளக்கைச் சுற்றித் திரும்பிக்கொண்டு.

கோவைக்காரர்: "தேவராஜ், வரிசைய விட்டு எங்க போறீங்க?"

"ரெண்டாவது வாட்டியும் விழுவுதான்னு பாத்தேன் சார். விழல. மேடத்தோடத லிஸ்ட்லயே வுடுங்க."

"விட்டாச்சு. வரிசைக்கு வாங்க."

அவர் மூன்றாவது சுற்றும் போனார். பின்னாலேயே நானும் ஒரு சுற்று.