கிளம்பும் தேதி

செப்டம்பர் 6

அனிருத்துக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் தள்ளிப்போய்விட்டது. கனடாவுக்கு அவன் வரவில்லை. இருப்பதிலேயே மலிவான டிக்கெட், கேன்சல் செய்ய முடியாதது. ஆக, நானும் அவன் அம்மாவும். கால்கரி, பான்ஃப், வான்கூவர். பஸ், ஹாஸ்டல், கட்டுச்சோறு.

என் மாமியார் பர்வதம் அம்மா மே மாதம் எங்கள் வீட்டுக்கு, மில்பிடாஸுக்கு வந்தார். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்து அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது: குழாயை ரொம்ப இறுக்கி மூடுவார். நான் பேச வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பார். அவ்வளவுதான்.

அனிருத் என்னை கராஜுக்குக் கூப்பிட்டான். நங்கநல்லூர் ஃப்ளாட்டை விற்றுவிட்டு அம்மா இங்கேயே இருந்துவிட வேண்டும். அவன் பிறந்தது நியூ ஜெர்சியில், இந்த நாட்டுக் குடிமகன், அதனால் அம்மாவுக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ண முடியும். நவம்பரில் அவர் கிளம்புவதற்குள் சரி என்று சொல்ல வேண்டும். அவன் கேட்டால் மழுப்புகிறாராம். ட்ரிப்பில் நல்ல மூடில் இருப்பார், நான் கேட்க வேண்டுமாம்.

"அப்பா போனப்போ நான் ஃப்ளைட்ல இருந்தேன், விஷாகா. இன்னொரு வாட்டி என்னால முடியாது."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

செப்டம்பர் 18

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை சாப்பிட்டபடியே ஹாஸ்டல் என்றால் என்ன என்று விளக்கினேன். முன்பின் தெரியாத பெண்களோடு ஒரே அறை, அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை.

"சத்திரம் மாதிரியா?"

கிட்டத்தட்ட.

"அப்ப சரி."

சாயந்திரம் வழிக்குப் புளிக்காய்ச்சல் கிளறினார். வீடெல்லாம் நெடி. அவர் கைக் காரம் என் வயிற்றுக்கு ஆகாது. சொன்னதில்லை. துளி போட்டுக்கொண்டு நிறையத் தயிர் விட்டுக்கொள்வேன்.

செப்டம்பர் 20

பான்ஃப். சமவெளி முடியும் இடத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் மலை.

அம்மாவுக்குக் கட்டிலில் மேல்தட்டுதான் வேண்டுமாம். அறுபது வயது. கீழே நான், பலகை கிறீச்சிடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்தபடி.

செப்டம்பர் 21

ஹாஸ்டல் சமையலறை விதி: ஃபிரிட்ஜில் எதை வைத்தாலும் டேப் ஒட்டி, பெயரும் கிளம்பும் தேதியும் எழுத வேண்டும். தேதி தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சாமான்களுக்கென்றே ஓர் அலமாரி.

அம்மா மார்க்கரை வாங்கிப் புளிக்காய்ச்சல் பாட்டிலில் தமிழில் எழுதினார். பர்வதம். செப்டம்பர் 26.

இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாதே என்றேன்.

"என் பேர் எனக்குத் தெரிஞ்சாப் போறும். தேதி அவாளுக்குப் புரியும்."

அலமாரியில் யாரோ விட்டுப்போன அரிசி. தொட மாட்டேன் என்றார். மத்தியானம் அதில்தான் புளிச்சாதம். எங்கள் அறையில் இருக்கும் க்யூபெக் பெண் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், காரத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே.

செப்டம்பர் 23

லார்ச் மரங்கள். ஊசியிலை மரம்தான், ஆனால் இந்த ஜாதி மட்டும் இலையுதிர் காலத்தில் மஞ்சளாகிக் கொட்டிவிடும். இதற்காகத்தான் இந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாதி மலை ஏறினோம். மஞ்சள் என்று எழுதினால் போதவில்லை. விட்டுவிடுகிறேன்.

பாதை தொடங்கும் இடத்தில் கரடி எச்சரிக்கை. வாசனை அடிக்கும் உணவு ஜாக்கிரதை. அம்மா கடைசி வரி வரை படித்தார்.

"பெருங்காயம் கரடிக்குப் பிடிக்குமோ?"

தெரியாது என்றேன். கட்டுச்சோற்றை எடுத்து என் பையில் வைத்தார். பிறகு என்னைவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நடந்தார்.

சிரித்தேன். அவரும். அனிருத் சொன்னதை அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் 24

தலைவலி. கண் விழித்தபோது மேல்தட்டு காலி. சமையலறையில் இல்லை. பாத்ரூமில் இல்லை. கூப்பிட்டால் ஃபோன் அவர் தலையணைக்கு அடியிலேயே அடிக்கிறது.

எங்க போனா? அந்தக் கரடி போர்டையெல்லாம் அவ்வளவு கவனமாப் படிச்சுட்டு — இப்படியா சொல்லாம கொள்ளாம — அனிருத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஸ்வெட்டர்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கினார். புடவைக்கு மேல் அனிருத்தின் பழைய ஜாக்கெட். கையில் டே பாஸ், நாள் முழுக்க எந்த பஸ்ஸிலும் ஏறலாம்.

பஸ் போகிற கடைசி நிறுத்தம் வரை போனாராம். திரும்பி வந்தாராம். அப்புறம் வேறு பஸ் ஏறி, அதன் கடைசி வரைக்கும்.

கத்த வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இந்த முகத்தை மில்பிடாஸில் நான் பார்த்ததே இல்லை.

நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

"அனிருத் பொறந்தப்போ மூணு வருஷம் நியூ ஜெர்சில இருந்தேன். பால் வேணும்னாக்கூட அவர் வந்து கார் எடுக்கணும். இப்ப நீங்க ரெண்டு பேரும் என்னை நன்னாத்தான் வெச்சுண்டிருக்கேள். சொன்ன எடத்துக்கெல்லாம் கூட்டிண்டு போறேள்." டே பாஸைக் கையில் திருப்பினார். "கூட்டிண்டு போறேள். அதான்."

ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

"நங்கநல்லூர்ல நான் யாருக்காகவும் வாசல்ல காத்துண்டு நிக்கறதில்லடீ."

முதல் முறையாக என்னை டீ போட்டுப் பேசுகிறார்.

செப்டம்பர் 25

இன்று பஸ்ஸில் நானும். எங்கே இறங்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

செப்டம்பர் 26

வான்கூவருக்கு பஸ். நாள் முழுக்க மலை, ஆறு, மஞ்சள். காம்லூப்ஸ் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"அனிருத் உன்கிட்ட என்ன கேக்கச் சொன்னான்?"

சொன்னேன். ஃப்ளாட், கிரீன் கார்டு, அவன் ஃப்ளைட்டில் இருந்தது, எல்லாம்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டினார்.

"அவன் பக்கத்துல இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார். இதை அவன்கிட்ட யாரு சொல்றது?"

சுளையில் இருந்த நாரை எடுத்துக்கொண்டே, "கேக்கணும்னா கேளு" என்றார்.

"நான் கேக்கலைம்மா."

செப்டம்பர் 29

மில்பிடாஸ். மறுபடி கராஜ்.

கேட்கவில்லை என்றேன். இவ்வளவு நாள் கூடவே இருந்து ஒரு கேள்வி கேட்க முடியவில்லையா என்றான். தாழ்ந்த குரலில் சண்டை, உள்ளே அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று. எனக்குக் கோபம் வரவில்லை. அவன் முகத்தில் இருந்தது பயம்.

பயணக் கதையாகச் சொல்லிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ், டேப், க்யூபெக் பெண்ணின் மூக்கு. அதற்குச் சிரித்தான். பஸ்ஸைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"இங்கயும்தான் பஸ் இருக்கு."

இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நிறுத்தத்துக்குப் போகவே கார் வேண்டும்.

அக்டோபர் 1

ஃபிரிட்ஜில் புதுப் புளிக்காய்ச்சல் பாட்டில். மேலே டேப்.

பர்வதம். நவம்பர் 16.

சாயந்திரம் அனிருத் ஃபிரிட்ஜைத் திறந்தான். அது பீப் அடிக்கும் வரை மூடவில்லை. பிறகு ஹாலுக்குப் போனான். டிவி சத்தம் குறைந்தது. நான் சமையலறையிலேயே நின்றேன். ரொம்ப நேரம் பேசினார்கள். எனக்குக் கேட்டது ஒன்றுதான்: "நீ பக்கத்துல இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார்டா."

பிறகு எட்டிப் பார்த்தேன். அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான்.

அக்டோபர் 17

கொலு. கடைசிப் படியில் பான்ஃபில் வாங்கிய கரடி பொம்மை. அதன் முன்னால் பெருங்காய டப்பா. அம்மாவின் வேலை.

நவம்பர் 16

ஏர்போர்ட்டுக்கு ட்ரெயினில் போகலாம் என்றார் அம்மா. கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான் அனிருத். ட்ரெயினில் போனோம், மூன்று பேரும், அத்தனை பெட்டியோடு. ஜன்னலோரம் அவருக்கு.

நவம்பர் 19

நேற்று போய்ச் சேர்ந்துவிட்டார். சென்னை ஏர்போர்ட்டில் பெட்டிகளோடு மெட்ரோ ஏறி வீட்டுக்குப் போனாராம். அனிருத் ஃபோனில் திட்டினான், பிறகு எந்தப் பக்கம் லிஃப்ட் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டான். அடுத்த செப்டம்பரில் அவனும் வருகிறானாம், பான்ஃபுக்கு.

ராச்சாப்பாட்டுக்கு அந்தப் பாட்டிலை எடுத்தான். இதுவரை இருவரும் தொடவில்லை.

"தேதி தாண்டிடுத்து" என்றான்.

சாதத்தில் பிசைந்து ஒரு வாய் வைத்தவன் நிறுத்தினான்.

"காரமே இல்லையே. அம்மா இப்படிப் பண்ண மாட்டாளே."

நான் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சரியாக இருந்தது. நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். தயிர் எடுக்கவில்லை.