மொட்டையாகிப் போன பப்பாளி மரம்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று கொரட்டூரில் ஒரு தெரு முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்தேன். யாருக்காவது காய்ச்சலா என்று வீடு வீடாகக் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்றார்கள்.

அப்படியானால் தெருமுனைப் பப்பாளி மரத்தில் ஏன் ஓர் இலைகூட இல்லை? போன வாரம் குடை மாதிரி நின்ற மரம். டெங்கு என்றால் இங்கே முதலில் இலைச்சாறுதான், ஆஸ்பத்திரியெல்லாம் அப்புறம்.

அந்த மரத்துக்கு எதிர்வீட்டில் குடியிருக்கும் பெண்ணை விடாமல் கேட்டேன்.

"உண்மையச் சொல்லும்மா, ஊட்ல யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா. நீ பாட்டுக்கு எழுதிகினு பூடுவ. நாளைக்கே பவுடர் போட ஆளுங்க வந்து நிப்பாங்க. ஊட்டுக்காரரு காலி பண்ணுன்னா நாங்க எங்க போறது?"

இல்லாத காய்ச்சலுக்கு இவ்வளவு பயமா? மறைத்தால் தெருவுக்கே பரவும் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த எரிச்சலோடு வீட்டுக்கு வந்தால், மிக்சி ஜாரில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. என்ன அரைத்தீர்கள் என்று கணவரிடம் கேட்டேன்.

"கீரைதான். ராத்திரிக்கு செய்யலாம்னு" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் வீட்டில் ராத்திரியில் யாரும் கீரை சாப்பிடுவதில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே கசப்பு.

இதுவும் வாடகை வீடுதான்.

ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார். எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டால், நாளைக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.