மிளகளவு தோல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. உன் மருமகள், என் மகள் வாலு, போய் ஒரு மாதம் ஆன பிறகாவது எழுதினாயே. அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்று நீ ஏதோ மேடையில் அவள் நோயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாயாம். நன்றாகக் கை தட்டினார்களா?

உன் மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் தலையை இடித்துக்கொள்ளக் கூடாதென்று மேசை, கட்டில் மூலைகளிலெல்லாம் ஒட்டிவைத்த பஞ்சு அப்படியே இருக்கிறது. நேற்று ஒன்றைப் பிய்க்கப் போனேன். "கை வைக்காத, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று கத்திவிட்டு பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டார். அந்த மனுஷன் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

அக்கம்பக்கத்தில் இப்போதுதான் என்னோடு முகம் கொடுத்துப் பேசுகிறார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினேன் இல்லையா, அப்போது திமிர் பிடித்தவள் என்றார்கள். இப்போது வந்து உட்கார்ந்து, "எங்களுக்கு என்னம்மா தெரியும்" என்று அழுது மூக்கைச் சிந்துகிறார்கள். நன்றாகச் சிந்தட்டும். இனி யாருக்கு ஒட்டிக்கொள்ளப் போகிறது!

நீ எனக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொன்னேன். ஒவ்வொரு செல்லிலும் என்ன புரதம் செய்ய வேண்டும் என்ற செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. கொண்டு வரும்; ஆனால் அதைப் படிக்கத் தொடங்கவே சில புரதங்கள் கூட்டாகச் சேர வேண்டும். அதில் ஒரு கூட்டில் ஐந்து வகை. நின்றுபோன காரை ஐந்து பேர் தள்ளிக் கிளப்புகிற மாதிரி என்றாய். வாலுவுக்கு அந்த ஐவரில் ஒருவன் நொண்டி. சாதாரண நாளில் எப்படியோ தள்ளிவிடுவார்கள். காய்ச்சல் வந்தாலோ தலையில் அடிபட்டாலோ மேட்டில் நின்ற வண்டிதான். கிளம்பாது, மூளையின் வெள்ளைப் பகுதி கரையத் தொடங்கிவிடும் என்றாய். விளக்குவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. மருந்து கேட்டால் மட்டும், "காய்ச்சல் வராம பாத்துக்கோம்மா" என்றாய்.

பார்த்துக்கொண்டேன். மழையில் விடவில்லை, கூட்டத்தில் விடவில்லை, பள்ளிக்கூடத்தைக்கூடப் பாதியில் நிறுத்தினேன். அப்படியும் வந்தது, எங்கிருந்து என்றே தெரியாமல். காலையில் உடம்பு சுட்டது. சாயங்காலம் என்னையே அடையாளம் தெரியவில்லை. "அம்மா எங்க?" என்று என்னிடமே கேட்டாள்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது ஆராய்ச்சிக்கென்று அவள் கையிலிருந்து மிளகளவு தோல் எடுக்கச் செய்து, அதை உன் லேபுக்குக் கொண்டு போனாய். "மாமா, அது திரும்ப வளருமா?" என்று அவள் கேட்டதற்கு, "இங்கயும் வளரும், என் லேப்லயும் வளரும்டி வாலு" என்று சிரித்தாய். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதுவரை படித்தபோது உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது, அண்ணா. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த வரியில்தான், அந்தச் செல்களைச் சூடேற்றிப் பார்த்தோம் என்கிறாய். சூடேறியதும் புரதம் செய்கிற வேலை நின்றுவிட்டதாம். ஆறவைத்த பிறகும் மற்ற செல்களைப் போல மீளவில்லையாம். அருமையான முடிவு என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? வாராவாரம் செய்கிறீர்களாமே.

வேறு பிள்ளைகளுக்கு உதவும் என்கிறாய். உதவட்டும். அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு அது செல். நீ அவளுக்குத் தாய்மாமன்.

அன்று நீ எனக்குச் சொன்னதையே இன்று உனக்குச் சொல்கிறேன். அவளுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள், அண்ணா.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா