இரவல் கப்பு

ஞாயிறு, நவம்பர் 9

பூசை முடிந்ததும், பங்குக் கோயிலில் ஃபாதர் தந்த அரிசிப் பையைச் செல்வியிடம் கொடுத்துவர மூன்றாம் மாடி ஏறினேன். புருஷன் இறந்தபின் அவள் அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசுவதில்லை. இன்று எனக்காக டீ போட்டுக்கொண்டிருந்தாள். உதவி பெறும் வீடுகளில் எதுவும் சாப்பிடக் கூடாது, அவர்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது எங்கள் கோயில் உதவிக் குழுவின் விதி. அதைப் போட்டவளே நான்தான். "இப்பதாம்மா குடிச்சேன்" என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாதிப் படி இறங்கியபோது, செல்வி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது கேட்டது.

"இந்தாக்கா, உங்க கப்பு."

"இன்னாடி, அதுக்குள்ள கொண்டாந்துட்ட? வூட்டுக்கு ஆள் வராங்கன்னு சொன்னியே?"

"வந்தாங்க. குடிக்கல."

திரும்ப மேலே ஏறிப் போயிருக்கலாம். செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கி வந்துவிட்டேன்.