பியூஸ் கட்டையில் மூன்று இழை

கொருக்குப்பேட்டை
ஞாயிறு

அன்பு மருமகன் பகலவனுக்கு மாமன் கிருஷ்ணப்பன் எழுதுவது. நான் கல்லுக்குண்டு போல இருக்கிறேன், கத்தாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் பேசினால் ஆஸ்பத்திரி வார்டு முழுக்கக் கேட்கும், அதனால் நாளை விமானம் ஏறும் ரகுபதி கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் வீடு எரியும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான் ஒருவன்தான். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய ஏசி வந்து இறங்கிய அன்றே, உன் அப்பன் காலத்து ஒயரில் இதை மாட்டினால் சுவர் புகையும் என்றேன். எம்புள்ள வாங்கிக் குடுத்தது, நீ இன்னாத்துக்கு வயிறு எரியுற என்றாள் அக்கா. இப்போது எது எரிந்தது என்று நீயே பார். ஏசி போட்டால் பியூஸ் போகும், கம்பி மாற்றினால் மறுபடி போகும். பிறகு ஒரு நாள் போவது நின்றது, மூன்று மாதம் வீடு ஜில்லென்று கிடந்தது. போன செவ்வாய் மத்தியானம் அக்கா படுத்திருந்தபோது ஒயர் உருகி மெத்தையில் சொட்டியது. நான்தான் பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்து கதவை உடைத்துத் தூக்கினேன், வண்டி வருவதற்குள் பாதித் தீயை அணைத்தும் விட்டேன், முக்கால் என்றே வைத்துக்கொள். உயிருக்குப் பயமில்லை. வலது கை விரல் ஐந்தும் ஒட்டிக்கொண்டன, பழையபடி வராதாம். முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டாள், இந்த ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடி கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தீயணைப்புக்காரர் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். மெல்லிய பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பி மூன்று இழை முறுக்கிப் போட்டிருந்தது. அது உருகாது, அதனால்தான் ஒயர் உருகியது, போட்டவன் யார் என்றார். எலக்ட்ரீஷியன் நீலமேகம், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றேன். நம் ஆட்கள் சும்மா விடுவார்களா. அவன் கடையை நடுத்தெருவில் இழுத்துப் போட்டார்கள். அண்ணே, ஒயர மாத்தாம ஏசி போடாதீங்கன்னு சொன்னதே நான்தானேண்ணே, அதுக்கப்புறம் அந்த வூட்டுல நான் காலே வெக்கல என்று என் காலைப் பிடித்தான். மூடுடா கஸ்மாலம் என்று நானும் ஒன்று வைத்தேன், இரண்டு பல் கையோடு வந்தது. அவன் பெண்டாட்டி தினமும் வார்டு வாசலில் வந்து நிற்கிறாள், நிற்கட்டும். வீட்டுக்காரன் புகார் கொடுத்தால்தான் கேஸ் நிற்குமாம், வெள்ளிக்கிழமைக்குள் அவன் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, உள்ளே போவான்.

உன் அறையில் ஒரே பிளக்கில் நாலைந்தைச் சொருகாதே. வெளியே போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டுப் போ. நூறு வயது இரு, சீக்கிரம் பெண் பார்க்கிறேன்.

அந்தக் கம்பியின் போட்டோ கேட்டாய், ஸ்டேஷனில் இருக்கிறது, எப்படியும் உனக்கு வரும். பார்த்தால் தெரிந்துவிடும். துறைமுகத்தில் முப்பது வருஷம் கயிறு கட்டியவன் முறுக்கும் இடது முறுக்கு, சின்ன வயதில் காற்றாடி நூலில் நான் உனக்கும் சொல்லிக் கொடுத்ததுதான். நீலமேகத்தை நான் பார்த்தேன் என்றது மட்டும் கதை கட்டி விட்டது. அக்கா வியர்வையில் கிடந்தாள், ஜென்மத்துக்கும் இனி பியூஸ் போகாது பார் என்று மூன்று இழையை முறுக்கிப் போட்டேன், போகவும் இல்லை. எந்தப் பேர் எழுதுவது என்று நீயே பார்த்துக்கொள். அக்காவிடம் மட்டும் சொல்லாதே, இப்போது அவள் என் கையால்தான் கஞ்சி குடிக்கிறாள்.

உன் தாய்மாமன்
கிருஷ்ணப்பன்