கொலுவுக்கு எங்கள் வீட்டுக் கடலை

2004, மே 8, சனி

இந்த அமெரிக்கப் பார்சிப்பனியில் காலையிலிருந்து தூறல். ஜன்னலோரப் பேப்பர் கப்புகளில் இன்னும் மண் மட்டும்தான். வேர்க்கடலை போட்டு மூன்று வாரம். ஹீட்டர் பக்கத்தில் வைத்தும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் கடலைப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். "வசு, இது வறுத்த கடலைம்மா. உப்பு வேற போட்டிருக்கான்." சிரிப்பை அடக்கக் காபியைக் குடித்தார். புரையேறியது. நன்றாக வேண்டும்.

ஓட்டோடு இருந்ததால் பச்சை என்று நினைத்துவிட்டேன். மாம்பலத்தில் பிறந்தவளுக்குக் கடலை பொட்டலத்தில்தான் விளையும். மிச்சப் பாக்கெட் அலமாரி மேல்தட்டில். இந்தியன் ஸ்டோரில் பச்சைக் கடலை வாங்கி மறுபடி போட வேண்டும். தயிர், கோதுமை மாவும்.

விட முடியாது. போன வருடக் கொலுவில் இந்த ஊர்ச் சிநேகிதி மாலதி ஆளுக்கு ஐந்து கறிவேப்பிலை கொடுத்தாள், வெற்றிலை பாக்கோடு. பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய செடியாம். ஏதோ பதக்கம் கொடுக்கிற தோரணை. "அடுத்த வருஷம் எங்க வீட்டுச் சுண்டல் எங்க தோட்டத்து வேர்க்கடலைலதான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். என் வாய் இருக்கிறதே.

ஜூலை 18, ஞாயிறு

நல்ல வெயில். ஜூனில் பின்பக்கம் நட்டது பூத்திருக்கிறது! மஞ்சள், குண்டுமணி அளவு. பூ வாடியதும் அதிலிருந்து ஊசி போல ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அரை மணி நேரம் குத்துக்காலிட்டுப் பார்த்தேன். கால் மரத்துப்போச்சு.

இவர் ஆபீஸ் பழக்கத்தில் சனிக்கிழமையானால் "ஸ்டேட்டஸ் செக் பண்றேன்" என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிறார். இதுவரை இரண்டு காலி. இன்னொன்றைத் தொட்டால் கொலுப்படியில் அவரையே உட்கார வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மாலதி போன். "இந்த ஊர்க் குளிருக்கு அதெல்லாம் வராதுடி, பாவம், ஏன் கஷ்டப்படறே?"

அவள் வேலைக்குப் போகிறாள். எனக்கு இவரை ஒட்டிக் கிடைத்த ஹெச்-4 விசா, வேலைக்குப் போக முடியாது. "வீட்ல என்ன பண்றே?" என்று கேட்கிறவர்களுக்குக் காட்ட ஒன்று வேண்டும். அவ்வளவுதான். எழுதும்போதே கண்ணில் தண்ணீர். வெங்காயம் நறுக்கிய கை.

அக். 6, புதன்

இன்று ராத்திரி உறைபனி என்று டிவியில். இவருடைய வேட்டி எல்லாவற்றையும் எடுத்துச் செடிகளுக்குப் போர்த்தினேன். நான்கு மூலைக்கும் செங்கல். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, ஏதாவது மதச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அக். 8, வெள்ளி

வேட்டி தோற்றது. இலையெல்லாம் கருகிவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கினேன். மூன்று காய், அதில் ஒன்று பொக்கு. உட்கார்ந்து அழுதேன். இந்த முறை வெங்காயம் இல்லை.

இவர், "நாளைக்கு மண்ணை நல்லாக் கிளறிப் பாரு. காம்பு அறுந்து உள்ளேயே தங்கிடுமாம், நெட்ல படிச்சேன்" என்றார். குப்பை போடப் போனவர் ரொம்ப நேரம் கழித்து வந்தார்.

அக். 9, சனி

செடியில் சொற்பம். ஆனால் கிளறினால் மண்ணுக்குள் குவியல்! ஒவ்வொன்றும் கொழுகொழு. கையைக்கூடக் கழுவாமல் மாலதிக்குப் போன். "மலையாக் குவிஞ்சிருக்குடி!"

மத்தியானம். ஒன்றை உரித்து வாயில் போட்டேன். மொறுமொறு. உப்பு.

அலமாரி மேல்தட்டைப் பார்த்தேன். பாக்கெட்டைக் காணோம். வெளியே இவர் விசிலடித்துக்கொண்டு புல் வெட்டுகிறார். இவர் நகத்திலும் மண்.

சண்டை போடத்தான் போனேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

அக். 16, சனி

குளிர். வீடு முழுக்கப் பட்டுப்புடவை. கொண்டைக்கடலைச் சுண்டல். ஒவ்வொரு கப்பிலும் மேலே ஒரே ஒரு வேர்க்கடலை, செடியிலிருந்து வந்த அசல் மட்டும், வேக வைத்தது. முதல் விளைச்சல், அம்பாளுக்கு நைவேத்தியம் ஆனது என்று சொல்லி நீட்டினேன்.

மாலதி கப்பை ஆட்டிப் பார்த்தாள். "ஒண்ணுதானா? மலைன்னியே?"

"மீதியெல்லாம் விதைக்கு எடுத்து வச்சுட்டேன்."

அதை மென்றாள். முகம் மாறியது. "நிஜமாவே பச்சை வாசனைடி. நல்லா இருக்கு." என் காதால் கேட்டேன். ஐந்து மாதக் கூன் நிமிர்ந்தது. அத்தோடு நிறுத்தினாளா? "எனக்கும் விதை கொஞ்சம் குடேன். நான் உன்னைவிட நல்லா வளர்த்துக் காட்டறேன்."

சமையலறையில் இவருக்குப் புரையேறியது.

நான் உள்ளே போனேன். இவர் புதைத்ததிலிருந்து இரண்டு கை அள்ளி, ஜிப்லாக் பையில் போட்டு, மேலே குங்குமப் பொட்டலமும் வைத்து, வெற்றிலை பாக்கோடு கொடுத்தேன்.

"ஏப்ரல்ல பேப்பர் கப்புல போடு. முளைக்கலைன்னு அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுடாதே, என்ன? லேட்டாத்தான் வரும்."